கிளைமோருக்கு ஒரு கைப்பிடி

சென்ற வருடம் ஆனி மாதம். பாசையூர் அந்தோனியார் பெருநாள் முடிந்து ஒரு கிழமை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் நானும் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அம்மாவுக்கு 86 வயது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் இன்னும் நல்லாய்க் கேட்கும். கிளாஸ்கோவில் இருந்து என் தம்பியின் மகன் கைப்பேசியில் கூப்பிட்டான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. 21 வயது. தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போதுதான் கொஞ்சம் தடுக்கும்.

"மாமி, நான் ஒரு கிளைமோர் வாங்கி வச்சிருக்கிறன்" என்றான்.

அம்மாவின் கையில் இருந்த பாக்குவெட்டி நிலத்தில் விழுந்தது. "என்ன சொல்லுறான் அவன்? பிள்ளை, போனை வை. உடனை வை!"

குடாநாட்டில் இருந்த சகோதரிகளுக்கு அம்மாவின் பதற்றத்தை நான் விளக்கத் தேவையில்லை. 2005 இன் கடைசியிலும் 2006 இலும் வீதியோரங்களில் கிளைமோர் வெடித்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். சத்தம் கேட்டால் வீட்டை விட்டு வெளியே போனவர்கள் திரும்பி வந்து சேரும்வரை படலையடியில் நின்ற நாட்கள் அவை. அந்தச் சொல்லைப் போனில் உச்சரிக்கவே பயந்தோம். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் அம்மாவின் காதில் அந்தச் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான்.

மருமகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். கட்டிலின் மேல் ஒரு நீளமான வாள் கிடந்தது.

பிறகு அவன் சொல்லித்தான் எனக்கும் தெரியும். கிளைமோர் என்பது ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு மக்களுடைய பழைய மொழியில் 'பெரிய வாள்' என்று கருத்துப்படும் சொல்லாம். முதலில் இரண்டு கையாலும் பிடித்து வீசும் வாளுக்கு அந்தப் பெயர். பிற்காலத்தில் கையை மூடிக் கூடை போல இரும்புப் பின்னல் வைத்த ஒற்றைக்கை வாளையும் அப்படியே சொன்னார்கள். அமெரிக்காவில் நோர்மன் மக்லியோட் என்பவர் வடிவமைத்த கண்ணிவெடிக்கு இந்த வாளின் பெயரையே வைத்தார். வாள் வந்த வழி எங்களுக்குத் தெரியாது. வெடி மட்டும் எங்கள் வீதி வரை வந்து சேர்ந்தது.

அவன் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. 1746 ஆம் ஆண்டு சித்திரை 16 ஆம் திகதி கலொடன் என்ற வெளியில் நடந்த சண்டையைப் பற்றி நாடகம் போடுகிறார்கள். அதில் மலைநாட்டுப் படை தோற்றது. அதன் பின் வந்த சட்டங்கள் அந்தச் சனங்களின் ஆயுதங்களைக் கடுமையாகப் பறித்தன. அவர்களின் கட்டம் போட்ட உடுப்பைக்கூட ஆண்கள் உடுக்கக் கூடாது என்று தடை வந்தது. அந்த உடுப்புத் தடை 1782 வரை இருந்ததாம். நாடகத்தில் இவனுக்கு ஒரு வீரனின் பாகம். அதற்குத்தான் மலிவான ஒரு மாதிரி வாளை வாங்கியிருக்கிறான். இந்தியாவில் செய்தது. ஆனால் மேடையில் தூக்கினால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம்.

"அப்பப்பா கூத்துக்கு வாள் செய்யிறவர் எண்டு அப்பா சொன்னவர். இதை நிச வாள் மாதிரி ஆக்க என்ன செய்ய வேணும் மாமி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

எங்கள் வீட்டில் வாள் என்றால் பல வருடமாக மரம் அரியும் வாள் மட்டும்தான். மற்ற வாளைப் பற்றி அம்மா பேச விடுவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஐயா வள்ளம் கட்டும் தச்சர். பெருநாட் காலத்தில் கூத்தாடுவார். எஸ்தாக்கியார் கூத்தில் சேனாதிபதியாக வருவார். கூத்துக்கு வேண்டிய வாள்களையும் அவரே செய்வார். பூவரசம் பலகையைக் கைவாளால் அரிந்து, சீவுளி போட்டு, பிஸ்கற் ரின்னை வெட்டித் தட்டித் தகடாக்கி மேலே போர்த்துவார். தகட்டின் அச்சடித்த பக்கம் மரத்தோடு உள்ளே போய்விடும். வெள்ளைப் பக்கம் வெளியே மினுங்கும். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அதை ஒரு வீச்சு வீசினால் கடைசி வரிசையில் பாயில் இருக்கிற பிள்ளைகளும் கண்ணைச் சிமிட்டுவார்கள். தகட்டின் ஓரத்தை எப்போதும் உருட்டி மடித்துத்தான் விடுவார். "கூத்து வாளுக்கு மினுக்கம் வேணும், கூர் இருக்கக் கூடாது" என்பது அவருடைய பேச்சு. பிடிக்கு மட்டும் அவர் கள்ளம் செய்வதில்லை. உண்மையான திருக்கைத் தோலைப் போர்த்திச் செப்புக் கம்பி சுற்றுவார். வியர்த்த கையிலும் வழுக்காது.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரோடும் சேர்ந்து நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். ஐயா வாளை முகட்டு வளையில் செருகிவிட்டு வந்தார். 1996 சித்திரைக் கடைசியில் திரும்பி வந்தபோது கதவில்லை, யன்னலில்லை, ஓடும் பாதி இல்லை. வாள் மட்டும் வளையிலேயே இருந்தது. ஐயா அதைக் கண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அந்த நாட்களில் சுற்றிவளைப்பும் சோதனையும் ஓயாமல் நடந்தன. தம்பிக்கு அப்போது 19 வயது. ஒருநாள் விடியப்புறம் அடுத்த ஒழுங்கையில் நாய்கள் குரைக்கத் தொடங்கின. அம்மா எழும்பினா, வாளை இழுத்தெடுத்து முறித்து அடுப்பில் வைத்தா. வந்தவர்கள் எங்கள் வீட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

ஐயா அம்மாவை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் கூத்தாடவும் இல்லை. 2003 இல் கண்ணை மூடினார். ஒரு மரவாள் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகுமா என்று அம்மா ஒருதரம் என்னிடம் கேட்டிருக்கிறா. நான் என்ன மறுமொழி சொல்ல?

சண்டை முடிந்த பிறகும் வாள் எங்களை விட்டுவிடவில்லை. பத்திரிகையைத் திறந்தால் வாள்வெட்டுச் செய்தி. கைப்பேசியில் வாளோடு படம் எடுத்துப் போட்டதற்காகப் பொடியன்களைப் பொலிசார் பிடித்தார்கள் என்ற செய்தி. இந்த நிலையில் வாளை நிசமாக்குவது எப்படி என்று பேரன் கேட்டால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

இருந்தாலும் பிள்ளை கேட்டது நாடகத்துக்கு. அடுத்த கிழமை நானே எடுத்துப் பேசினேன். எனக்கு வாள் தெரியாது. ஆனால் தையற்காரி என்பதால் கூத்து உடுப்புகள் தைத்த பழக்கம் இருக்கிறது. கத்தியும் புளியும் துருவும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதிதானே. ஐயாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

புது வாள் ஏன் பொய்யாகத் தெரிகிறது? அது கண்ணாடி போல ஒரே மாதிரி மினுங்குகிறது. துருப் பிடிக்காமல் அதன் மேல் ஒரு பூச்சுப் பூசியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பூச்சைத் தின்னரால் துடைத்தெடுக்கச் சொன்னேன். யன்னலைத் திறந்து வை, கையுறை போடு என்றும் சொன்னேன். துருப்பிடிக்காத உருக்கு என்றால் இந்த வேலை சரிவராது; சாதாரண உருக்கு என்றால்தான் நிறம் மாறும். மாங்காய் வெட்டிவிட்டுக் கழுவாமல் வைத்த கத்தி கறுத்துப் போவதை நாங்கள் பார்த்ததில்லையா? அதே வித்தைதான். வினாகிரியைத் துணியில் தொட்டு அலகு முழுவதும் பூசினால் மெல்ல மெல்லச் சாம்பல் நிறம் ஏறும். போதும் என்று தோன்றியதும் தண்ணீரில் கரைத்த அப்பச்சோடாவால் துடைத்துப் புளிப்பை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் துரு விடாது. பிறகு நன்றாக உலர்த்தி, மிக மெல்லிய அரத்தாளில் எண்ணெய் தொட்டு நீளப்பாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் காட்டிக்கொடுத்துவிடும்.

கூடைப் பின்னலுக்கும் அப்படியே. மினுக்கத்தை அரத்தாளால் எடுத்து, மெல்லிய கறுப்புப் பூசி, கையும் உடுப்பும் உரசும் மேடுகளில் மட்டும் திரும்பவும் தேய்த்துவிட வேண்டும்.

"சுத்தியலாலை அடிச்சுக் கொஞ்சம் நெளிச்சால் பழசு மாதிரி வருமோ?" என்று கேட்டான்.

நான் வாய் திறக்குமுன் குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதை ஏன் அடிக்கிறாய்? வச்சிருந்தவன் அதைத் துடைச்செல்லோ வச்சிருப்பான்!"

அன்றுதான் அம்மா முதல்முதலாக இந்தக் கதைக்குள் வந்தா. சொன்னது முழுக்கச் சரி. பழையது என்றால் ஊத்தையும் உடைவும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். எங்கள் வீட்டுத் திருவலையைப் பாருங்கள். இருந்து இருந்து பலகை வழுவழுப்பாகிவிட்டது. அம்மி நடுவில் மட்டும் குழிந்திருக்கிறது. ஒன்றிலும் யாரும் சுத்தியலால் அடிக்கவில்லை. கை பட்ட இடத்தில் மட்டுமே காலம் தெரியும். கை படாத இடத்தில் நாங்கள் காலத்தைப் போட்டால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவைப் பார்க்கவென்று மருமகன் வந்தான். வாளை விமானத்தில் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஆனால் அந்த வாளின் குமிழ் திருகிக் கழற்றக்கூடியது. அதைக் கழற்றினால் பிடி தனியே வந்துவிடும். பிடியை மட்டும் ஒரு காற்சட்டைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். ஒரு சாண் நீளமும் வராத மரத்துண்டு. மேலே பிளாஸ்டிக் தோல் ஒட்டி, தங்க நிறக் கம்பி சுற்றியிருந்தது. நகத்தால் இழுக்கவே பிளாஸ்டிக் உரிந்து வந்தது.

"உண்மையான வாளிலை இதுக்குத் திருக்கைத் தோல்தான் போடுறவையாம் மாமி. நான் புத்தகத்திலை பார்த்தனான்."

ஸ்கொட்லாந்துக்காரனும் திருக்கைத் தோலா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலோரச் சனம் எங்கே இருந்தாலும் ஒரே யோசனைதான் போலும். கரையில் சொல்லிவைத்து ஒரு திருக்கையின் தோலை வாங்கினோம். கறி அன்றே சட்டியில் ஏறியது. தோலை வைத்துக்கொண்டு நான் விழித்தேன். ஐயா செய்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர என் கையால் செய்ததில்லை.

"இப்பிடியே வச்சுக்கொண்டிருந்தால் மணக்கப் போகுது. கொண்டா இங்கை" என்றா அம்மா.

ஐயாவுக்குத் தோல் பதப்படுத்திக் கொடுத்தது அம்மாதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். ஒட்டியிருந்த சதையை மொட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தோம். உப்புப் போட்டு ஒரு இரவு வைத்தோம். காலையில் கழுவி, பலகையில் இழுத்துச் சுற்றிவர ஆணி அடித்து நிழலில் காயவிட்டோம். வெயிலில் வைத்தால் சுருண்டுவிடுமாம். நாலைந்து நாளில் தோல் கட்டையாகிவிட்டது. மேற்பக்கம் சின்னச் சின்ன மணி கோத்தது போல இருந்தது. ஐயா அதன் வெட்டுத் துண்டுகளால் மரத்தைத் தேய்ப்பார், அரத்தாள் தோற்றுப்போகும்.

காய்ந்த தோலைத் திரும்பவும் தண்ணீரில் ஊறவைத்து இளக்கிய பிறகுதான் பிடியில் போர்த்த வேண்டும். பிடியின் சுற்றளவைக் கடதாசியில் எடுத்துத் தோலை வெட்டினேன். பசை பூசுமுன் அம்மா கையை மறித்தா.

"தம்பி, இந்த மரத்திலை உன்ரை அப்பப்பான்ரை பேரை எழுது."

பென்சிலால் எழுதினான். தமிழில் எழுதி முடிக்க மூன்று தரம் அழிக்க வேண்டியிருந்தது.

எழுதிக்கொண்டே அவன் ஒரு கதை சொன்னான். ஸ்கொட்லாந்தின் பழைய வாள்களில் 'அந்திரேயா பெராரா' என்று ஒரு இத்தாலியக் கொல்லனின் பெயர் வெட்டியிருக்குமாம். அவர் 16 ஆம் நூற்றாண்டு ஆள். அவர் செத்து நெடுங்காலத்துக்குப் பிறகும் அந்தப் பெயரைப் போட்டு அலகுகள் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலும் ஜேர்மனியில் சோலிங்கன் என்ற ஊரில் செய்தவை. கூடைப் பிடியை மட்டும் கிளாஸ்கோவிலும் ஸ்டேர்லிங்கிலும் இருந்த கொல்லர்கள் செய்து பூட்டினார்கள். தன் வாளிலும் அந்தப் பெயரை வெட்ட யோசித்திருந்தானாம்.

"அப்ப அசல் வாளும் அலகு ஒரு ஊர், பேர் ஒரு ஊர், பிடி ஒரு ஊர்தானே" என்றேன்.

"பிடிதான் அந்த ஊர்ச் சனம் செய்தது" என்றா அம்மா.

அவன் பிறகு அந்த இத்தாலியப் பெயரைப் பற்றிப் பேசவில்லை.

தோலைப் பிடியில் சுற்றி, இரண்டு ஓரமும் சந்திக்கும் இடத்தை நெருக்கமாகத் தைத்தேன். அதன் மேல் நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டி, மரத்தின் வெட்டுக்குள் தோல் படியும்படி இரண்டு நாள் விட்டோம். நூலின் மறு நுனியை அம்மா இழுத்துப் பிடித்திருந்தா. அப்போதுதான், யாரும் கேட்காமல், சொன்னா.

"அண்டைக்கு அடுப்பிலை வைக்கேக்கை மரம்தான் எரிஞ்சது. தகடு எரியேல்லை. விடியக் கிண்டிப் பார்த்தன். பிஸ்கற் ரின்னிலை இருந்த எழுத்துக்கூட ஒரு பக்கம் அப்பிடியே இருந்தது. சாம்பலோடை அள்ளிக்கொண்டு போய் வாழையடியிலை தாட்டன். அந்த மனிசன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்."

மருமகன் எனக்கு முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது. தம்பி சொல்லியிருக்கவில்லை. தன் தகப்பனுக்காகத்தான் அந்த வாள் எரிந்தது என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கலொடனுக்குப் பிறகும் சனங்கள் இப்பிடித்தான் ஒளிச்சிருப்பினம் அப்பாச்சி" என்றான். அம்மாவுக்குக் கலொடன் எங்கே தெரியும்? ஆனாலும் தலையை ஆட்டினா.

மூன்றாம் நாள் நூலை அவிழ்த்தோம். தோலின் மணிகளை அரத்தாளால் இலேசாகத் தட்டையாக்கினோம். பழைய மோட்டரில் இருந்து எடுத்த செப்புக் கம்பி இரண்டை ஒன்றாக முறுக்கி, வெட்டு ஓடிய வழியே சுற்றி, நுனிகளை உள்ளே செருகினேன். கூடைக்குள் வைக்க ஒரு உள்துணியும் தைத்துக் கொடுத்தேன். கை உரசாதபடி தோலும் சிவப்புக் கம்பளியும் வைப்பார்களாம். அளவுக்குக் கடதாசி வெட்டிக் கொண்டுவந்திருந்தான்.

போகிற அன்று காலை அவன் ஒன்று சொன்னான். நண்பர்கள் நம்பும்படி அலகின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கூர் வைக்கலாமா என்று யோசிக்கிறானாம்.

அம்மா அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. "ராசா, பிடியை நிசமாச் செய்து தந்திருக்கிறம். கூரை நிசமாக்காதை. உன்ரை அப்பப்பா தகட்டை மடிச்சுவிட்டவர். ஒருத்தன்ரை விரலிலையும் ரத்தம் வரேல்லை."

"சரி அப்பாச்சி" என்றான். அங்கே போனதும் அலகின் நுனியையும் அரத்தால் ராவி உருட்டிவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தான்.

கார்த்திகையில் நாடகம் நடந்தது. ஒளிப்பதிவை அனுப்பினான். மங்கிய வெளிச்சத்தில் வாள் சாம்பல் நிறமாக, யாரோ வருடக் கணக்காகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்குச் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. "வழுக்கினதோ எண்டு கேள்" என்றா. கேட்டேன். வெளிச்சத்தின் சூட்டில் கை நன்றாக வியர்த்ததாம். ஆனால் வழுக்கவில்லையாம்.

பயத்தில் நாங்கள் எரித்தவை, தாட்டவை, கிணற்றில் போட்டவை எத்தனை! புத்தகம், படம், கடிதம், உடுப்பு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அவற்றில் பெரும்பகுதியை எரித்தவர்கள் பெண்கள்தான், பிள்ளைகளுக்காக. அவை திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அவற்றைச் செய்யத் தெரிந்த கை சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. குற்றம் சாட்டாமல் பக்கத்தில் இருந்து கேட்டால் அந்தக் கை சொல்லித்தரும். நான் கேட்க 30 வருடம் சென்றது. நீங்கள் அவ்வளவு காலம் பொறுக்க வேண்டாம்.

வருகிற பெருநாளுக்குக் கூத்துப் போட எங்கள் பக்கத்துப் பொடியன்கள் ஆயத்தம் செய்கிறார்கள். ஒரு பூவரசம் பலகை வாங்கி வைத்திருக்கிறேன். ஐயாவின் கைவாளுக்குத் துரு எடுக்க வேண்டும். பிஸ்கற் ரின் ஒன்றை அம்மா ஏற்கெனவே கழுவிக் காயவைத்துவிட்டா.